மூன்று வருட பி.எஸ்சி.யோடு அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்க முடியுமா?

டெக்சாஸிலிருந்து ஒரு வாசகி ஐந்து பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். யார் என்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கி முதலில் தருகிறேன்.

வயது 24. கோவைப் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.எஸ்சி. உயிர்வேதியியல் படித்தவர். மூன்று வருடம், 82 சதவீதம். அதற்கு முன்பு நீட் இரண்டு முறை எழுதியும் இடம் கிடைக்கவில்லை. பட்டம் வாங்கிய பிறகு ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் இரண்டு வருடம் வேலை. போன வருடம் கல்யாணம். கணவர் அமெரிக்கக் குடிமகன், டாலஸ் அருகே வேலை பார்க்கிறார். இவருக்கு இரண்டு வருட நிபந்தனை கிரீன் கார்டு வந்து எட்டு மாதம் ஆகிறது.

பழைய டாக்டர் ஆசை மறுபடி தலைதூக்கியிருக்கிறது. பட்டத்தை மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பியதில் ‘அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குச் சமம்’ என்று சான்று வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடு ஒரு மருத்துவக் கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பினால், ‘நீங்கள் விண்ணப்பிக்கத் தகுதி பெறவில்லை’ என்று ஒற்றை வரி பதில். ‘மூன்று வருடம்தான் படித்தேன் என்பதாலா? இன்னும் ஒரு வருடம் படித்து நான்காக்கிவிட்டால் போதுமா? எம்.எஸ். சேரட்டுமா?’ என்று கேட்கிறார். இந்தியப் படிப்பைப் பற்றி வாயே திறக்காமல் பிளஸ் டூ சான்றிதழோடு புதிதாகச் சேர்ந்துவிடச் சொல்கிறார் நாத்தனார். அப்பா கரீபியன் தீவுக் கல்லூரி விளம்பரங்களை வாட்ஸாப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார். 82 சதவீதத்தை அமெரிக்க ஜிபிஏ (நாலுக்கு எவ்வளவு என்று சொல்லும் கிரேடு சராசரி) ஆக்க நாலால் பெருக்கிப் பார்த்தால் 3.28 தான் வருகிறது என்று இவருக்குத் தூக்கம் வரவில்லை. கணவர் மட்டும், “எத்தனை வருஷம், எவ்வளவு பணம்னு ஒரு கணக்குச் சொல்லு, பார்த்துக்கலாம்” என்கிறாராம்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. கடைசியில் அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் சில முடிச்சுகளை அவிழ்க்க வேண்டும்.

எத்தனை வருடம் என்பதைவிட, எங்கே படித்தது

உங்கள் பட்டம் மூன்று வருடம் என்பதால் அந்தக் கல்லூரி உங்களைத் தள்ளவில்லை. இதை நம்பக் கஷ்டமாக இருக்கும். நீங்கள் விண்ணப்பிக்க நினைக்கும் டெக்சாஸையே எடுத்துக்கொள்வோம். அங்கே பல மருத்துவக் கல்லூரிகள் குறைந்தபட்சமாகக் கேட்பது 90 செமஸ்டர் கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் கணக்கிடும் படிப்பு அலகு). அமெரிக்காவில் நான்கு வருட இளநிலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட் வேண்டும். அப்படியானால் 90 என்பது மூன்று வருடப் படிப்பு! பட்டம் இருந்தால் நல்லது என்பார்கள், பெரும்பாலோர் பட்டத்தோடுதான் வருகிறார்கள். ஆனாலும் விதி என்று பார்த்தால் மூன்று வருடத்தை அவர்களே ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கோடை வகுப்பெல்லாம் சேர்த்து மூன்றே வருடத்தில் பட்டம் முடித்துவிட்டு மருத்துவம் சேரும் அமெரிக்கப் பிள்ளைகளும் உண்டு.

உங்களைத் தடுத்தது அந்த விதியின் அடுத்த சில வார்த்தைகள்: அந்த 90 கிரெடிட்டும் ‘அமெரிக்க அல்லது கனடா நாட்டின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில்’ எடுத்ததாக இருக்க வேண்டும். நீங்கள் கோவையில் நான்கு வருடம் படித்திருந்தாலும், புதிய கல்விக் கொள்கைப்படி நாலு வருட ஆனர்ஸ் வாங்கியிருந்தாலும் அதே ஒற்றை வரிப் பதில்தான் வந்திருக்கும். அதனால் ‘இன்னும் ஒரு வருடம் படித்து நான்காக்குவது’ என்ற யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். ஊருக்குப் போய் ஒரு வருட டிப்ளமோ சேர்வதோ, தொலைதூரக் கல்வியில் இன்னொரு பட்டம் வாங்குவதோ காசுக்குக் கேடு.

ஏன் இப்படி என்று கேட்கலாம், நியாயம்தான். எம்.டி. (நம் ஊர் மாதிரி மேற்படிப்பு இல்லை, இங்கே டாக்டராவதற்கான அடிப்படைப் பட்டமே அதுதான்) கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப மையம் ஆம்காஸ். டெக்சாஸின் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்குத் தனியாக டிஎம்டிஎஸ்ஏஎஸ் என்று ஒரு மையம் இருக்கிறது. விண்ணப்பதாரர் எழுதிய ஒவ்வொரு பாடத்தையும் டிரான்ஸ்கிரிப்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, எல்லோருடைய கிரேடையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது இவர்கள் வேலை. உங்கள் மதிப்பெண் பட்டியலை ஒரு நிமிடம் அவர்கள் கண்ணால் பாருங்கள். பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் ‘கோர் பேப்பர் ஏழு’, ‘அலைடு பிராக்டிகல்’, இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75, அப்புறம் பகுதி ஐந்தில் என்.எஸ்.எஸ். நமக்கு இதெல்லாம் வரி வரியாகப் புரியும். நம் ஊரில் 82 எடுப்பதற்கு என்ன பாடு என்றும் தெரியும். வெளிநாட்டுப் பட்டியல்களைச் சரிபார்ப்பதும் இல்லை, ஜிபிஏவில் சேர்ப்பதும் இல்லை என்று ஆம்காஸ் முடிவெடுத்து வைத்திருக்கிறது. பாரபட்சம் என்று சொல்லலாம். எனக்கும் அப்படித் தோன்றிய நாட்கள் உண்டு. ஆனால் விதி அதுதான்.

இதிலேயே உங்கள் தூக்கத்தைக் கெடுத்த 3.28க்கும் பதில் இருக்கிறது. அந்தப் பெருக்கல் கணக்கே தப்பு. 82 சதவீதத்தை நாலால் பெருக்கி ஜிபிஏ ஆக்குவதில்லை. நம் மதிப்பெண் முறையில் 82 என்பது வழக்கமாக ஏ கிரேடாகவே மதிப்பிடப்படும். அதைவிட முக்கியம், அந்த எண் உங்கள் மருத்துவ விண்ணப்பத்தின் ஜிபிஏவில் வரப்போவதே இல்லை. இங்கே எடுக்கும் முதல் பாடத்திலிருந்துதான் உங்கள் ஜிபிஏ தொடங்கும். இது நல்லதா கெட்டதா என்றால், இரண்டும்தான். பழைய மதிப்பெண் இழுத்துப் பிடிக்காது; ஆனால் முதல் செமஸ்டரில் வீடு, புது ஊர், கார் ஓட்டக் கற்பது என்று அலைந்து கெமிஸ்ட்ரியில் ஒரு ‘சி’ வாங்கினால் அதைத் தாங்கிப்பிடிக்கவும் ஒன்றும் இருக்காது. எம்.டி. இடம் கிடைப்பவர்களின் சராசரி ஜிபிஏ 3.8ஐ ஒட்டி இருக்கிறது. அதனால் முதல் செமஸ்டரில் இரண்டே பாடம் எடுத்தாலும் பரவாயில்லை, இரண்டிலும் ஏ வாங்குங்கள்.

அப்படியானால் அந்தச் சமமதிப்புச் சான்று?

வீணில்லை. வெஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள், இந்தியக் கல்லூரிகளைத் தரம் பார்க்கும் நாக் குழுவிடம் ஏ கிரேடு பெற்ற கல்லூரியில் நல்ல வகுப்பில் தேறியிருந்தால் நம் மூன்று வருடப் பட்டத்தை அமெரிக்க இளநிலைக்குச் சமமாக மதிப்பிடுவது உண்டு. வேலைக்கு, எம்.எஸ். சேர்க்கைக்கு எல்லாம் அது உதவும். ‘இளநிலைப் பட்டம் கட்டாயம்’ என்று எழுதியிருக்கும் மருத்துவக் கல்லூரிகளில் சில, அந்தப் பட்டம் வெளிநாட்டில் வாங்கியதாக இருந்தாலும் சரி, அதற்கு மேல் இத்தனை கிரெடிட் இங்கே படித்திருந்தால் போதும் என்கின்றன. அந்த ‘இத்தனை’ என்பது ஓரிடத்தில் ஒரு வருடம், ஓரிடத்தில் 60, ஓரிடத்தில் 90. அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் சான்று பட்டத்துக்கான கட்டத்தை நிரப்பிவிடும். கிரெடிட்டுக்கான கட்டம் காலியாகவே இருக்கும். சான்று கொடுத்தவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களிடம் கேட்ட கேள்வி வேறு.

எம்.எஸ். சேர்ந்தால் சரியாகிவிடுமா?

இந்த அறிவுரையால் வருடங்களைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் என்னிடம் வந்தான். இதே போல் இந்தியாவில் மூன்று வருடப் பட்டம், இங்கே பயோடெக்னாலஜியில் எம்.எஸ்., நாலுக்கு நாலு ஜிபிஏ. எல்லா இடத்திலும் நிராகரிப்பு. விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தால் இளநிலை ஜிபிஏ என்ற வரிசையே வெறுமையாக இருந்தது. ஆம்காஸ் இளநிலை, முதுநிலை கிரேடுகளைத் தனித்தனி வரிசையில்தான் காட்டும். முதுநிலையில் எவ்வளவு பிரகாசித்தாலும் அது இளநிலை வரிசைக்குள் நகராது. மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் அடிப்படைப் பாடங்கள் பெரும்பாலும் இளநிலை மட்டத்தில், லேபோடு, இங்கே படித்ததாக இருக்க வேண்டும். அந்தப் பையன் எம்.எஸ். முடித்த கையோடு முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து பொது வேதியியல் படித்தான்.

உங்களுக்கு எந்தெந்தப் பாடம் தேவைப்படும் என்று உங்கள் மதிப்பெண் பட்டியலை வைத்தே பார்த்தேன். வழக்கமாகக் கேட்பது உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் (இந்த நான்கும் லேபோடு, பெரும்பாலும் தலா இரண்டு செமஸ்டர்), உயிர்வேதியியல் ஒரு செமஸ்டர், ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி, புள்ளியியல். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டுக்காக உளவியலும் சமூகவியலும். நீங்கள் இயற்பியலைப் பிளஸ் டூவோடு விட்டுவிட்டீர்கள். பகுதி இரண்டில் நாலு செமஸ்டர் ஆங்கிலம் இருந்தாலும் அது இங்கே கணக்கில் வராது. உயிர்வேதியியல் மட்டும் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் இங்கே ஒரு முறை படித்தாக வேண்டும். அதைச் சலிப்பாக நினைக்க வேண்டாம், சுலபமாக வரும் ஒரு ஏ என்று நினையுங்கள்.

நாத்தனார் சொன்ன வழி வேண்டவே வேண்டாம்

நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பள்ளிக்குப் பிறகு படித்த எல்லா நிறுவனங்களையும், மதிப்பெண் கணக்கில் வருகிறதோ இல்லையோ, விண்ணப்பத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். வெளிநாட்டுக் கல்லூரியும் இதில் அடங்கும். மறைத்தது தெரிந்தால் முறைகேடு என்று விசாரணை நடத்தி, அந்தக் குறிப்பை நீங்கள் விண்ணப்பித்த எல்லாக் கல்லூரிகளுக்கும் அனுப்புவார்கள். உங்கள் விசா, கிரீன் கார்டு மனுக்களில் படிப்பு விவரம் ஏற்கெனவே எங்கேயாவது பதிவாகியிருக்கும். லேப் வேலையைப் பற்றி எழுதினால் பட்டம் இல்லாமல் எப்படிச் சேர்ந்தீர்கள் என்ற கேள்வி வரும். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் தேவைப்படும்.

இன்னொன்று, இது பணம் சம்பந்தப்பட்டது. ஏற்கெனவே ஒரு இளநிலைப் பட்டம் வாங்கியவருக்கு, அது வெளிநாட்டுப் பட்டமானாலும், பெல் கிராண்ட் என்ற அரசு இலவச உதவித்தொகை கிடையாது. பட்டத்தை மறைத்து அந்தத் தொகையை வாங்கினால் கல்லூரி விதிமீறல் என்ற நிலையையும் தாண்டி, அரசிடம் பொய் சொன்ன குற்றமாகிவிடும். கிரீன் கார்டு வைத்திருக்கும் நீங்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. கூட்டாட்சி அரசின் கல்விக் கடன் மட்டும் இரண்டாவது பட்டத்துக்கும் உண்டு, உச்சவரம்போடு.

90 கிரெடிட்டை எப்படிச் சேர்ப்பது

எனக்குச் சரியாகப் படுவது இதுதான். பட்டம் எதிலும் சேராமல் தனித்தனிப் பாடமாக எடுக்க வேண்டாம். ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது இளநிலைப் பட்டத்துக்கு முறையாகச் சேருங்கள். பட்டத்துக்குச் சேராத மாணவருக்குப் பாடப் பதிவில் கடைசி இடம்தான்; கரிம வேதியியல் லேப் நிரம்பிவிட்டால் ஒரு வருடம் போச்சு. பட்டத்துக்குச் சேர்ந்தவருக்குக் கடன் வசதி உண்டு, மருத்துவம் போக விரும்பும் மாணவர்களுக்கென்றே இருக்கும் ஆலோசகர் உண்டு, நாளை மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் கையில் ஒரு பட்டமும் இருக்கும். இரண்டாவது பட்டத்துக்குச் சேர்க்காத பல்கலைக்கழகங்களும் உண்டு, முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முதல் வருடப் பாடங்களை, அதாவது பொது வேதியியல், ஆங்கிலம், புள்ளியியல் போன்றவற்றை, வீட்டுக்குப் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் எடுக்கலாம். கட்டணம் மிகக் குறைவு. டெக்சாஸ் மருத்துவக் கல்லூரிகள் இதைப் பொதுவாக ஏற்கின்றன. வேறு மாநிலங்களில் சில கல்லூரிகள் முகம் சுளிக்கும். கரிம வேதியியலிலிருந்து மேலே உள்ளவை பல்கலைக்கழகத்தில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. பலர் சந்தோஷமாகப் போய் விழும் குழி. பல்கலைக்கழகத்தில் சேரும்போது உங்கள் கோவைப் படிப்புக்கு மாற்றுக் கிரெடிட் தருவதாகச் சொல்வார்கள். ‘60 கிரெடிட் கழித்துவிடுகிறோம், இரண்டே வருடத்தில் பட்டம்’ என்பார்கள். கேட்க இனிக்கும். ஆனால் இரண்டு வருடத்தில் பட்டம் வாங்கி நிற்கும்போது இங்கே நிஜமாகப் படித்தது 60 கிரெடிட்தான் இருக்கும். மாற்றிக்கொண்ட அந்த 60ஐ மருத்துவக் கல்லூரி ஏற்குமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அதைவிட மோசம், அவர்கள் உங்கள் அலைடு வேதியியலைப் பொது வேதியியலுக்குச் சமம் என்று ஏற்றுக்கொண்டால், அதே பாடத்தை மறுபடி எடுக்க அனுமதி கிடைக்காமல் போகலாம். மருத்துவக் கல்லூரியோ அதை இங்கே எடுத்தாயா என்று கேட்கும். ஆகவே மாற்றுக் கிரெடிட் வாங்குவதாக இருந்தால் பகுதி ஒன்று தமிழை அந்நிய மொழிக் கிரெடிட்டாகவும், சுற்றுச்சூழல் கல்வி மாதிரியானவற்றைப் பொது விருப்பப் பாடமாகவும் வாங்கிக்கொள்ளுங்கள் (நம் தமிழ் அங்கே அந்நிய மொழி, என்ன செய்வது!). அறிவியல் பாடங்களுக்கு மட்டும் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

ஒரு சின்ன வேலை. கோவையில் யாராவது இருக்கும்போதே கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் நாலைந்து பிரதி முத்திரையிட்ட கவரில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கூடவே நீங்கள் படித்த வருடத்துப் பாடத்திட்டமும் சான்றொப்பத்தோடு வேண்டும். பாடத்திட்டம் மாறிவிட்டால் பழையதைத் தேடி எடுப்பதற்குள் ஒரு செமஸ்டர் ஓடிவிடும்.

கரீபியனும் மற்ற ஊர்களும்

அப்பா அனுப்பும் விளம்பரங்களில் ‘உடனடிச் சேர்க்கை’ என்று இருக்கும், அது உண்மைதான். சேர்வது சுலபம். அண்மை ஆண்டுகளில், அமெரிக்க எம்.டி. கல்லூரியில் முடிப்பவர்களில் 100க்கு 93 பேர் அளவுக்கு ரெசிடென்சி இடம், அதாவது பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் செய்யும் கட்டாயப் பயிற்சிக்கான இடம், கிடைக்கிறது. வெளிநாட்டில் மருத்துவம் முடித்து விண்ணப்பிப்பவர்களில் அது 58 முதல் 67 வரைதான். அதுவும் படிப்பை முடித்து, தேர்வுகளில் தேறி, அந்த வரிசைவரை வந்து சேர்ந்தவர்களின் கணக்கு. நடுவழியில் நின்றவர்கள் இதில் இல்லை. ரெசிடென்சி இல்லாத எம்.டி. இங்கே நோயாளியைத் தொட முடியாத எம்.டி. பெரிய கடனையும் தோளில் வைத்துக்கொண்டு அந்த நிலையில் நிற்பவர்களோடு பேசியிருக்கிறேன். நல்லபடியாக வந்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. உங்களுக்கு உள்ளூரிலேயே வழி இருக்கும்போது அதை முதல் வழியாக எடுக்க வேண்டாம்.

இந்தியா திரும்பி நீட் எழுதுவது? மேல்வயது வரம்பை 2022ல் எடுத்துவிட்டார்கள், எழுதலாம்தான். ஆனால் எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம். கிரீன் கார்டு வைத்திருப்பவர் மறுநுழைவு அனுமதி இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் குடியுரிமைத் துறை அதை நிரந்தர வசிப்பைக் கைவிட்டதாகவே பார்க்கும். ஆறு மாதம் தாண்டினாலே கேள்வி வரும். ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற இடங்களில் மூன்று வருடப் பட்டம்தான் வழக்கமே, பட்டதாரிகளுக்கென்று நான்கு வருட மருத்துவப் படிப்பும் இருக்கிறது. அங்கும் இதே கிரீன் கார்டுச் சிக்கல்தான், வெளிநாட்டு மாணவர் கட்டணம் வேறு.

டி.ஓ. என்ற ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டத்தை நீங்கள் குறிப்பிடவே இல்லை. ‘அது இரண்டாம் தரம்’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அமெரிக்காவில் டி.ஓ.வும் முழு உரிமம் பெற்ற மருத்துவர்தான். 2020லிருந்து ரெசிடென்சி அங்கீகாரமும் இருவருக்கும் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டது. டி.ஓ. கல்லூரிகளின் பொது விண்ணப்ப மையம் வெளிநாட்டுப் பாடங்களின் மதிப்பீட்டு அறிக்கையை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஒவ்வொரு கல்லூரியும் இங்கே எத்தனை கிரெடிட் கேட்கிறது என்பது தனி விதி. இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கத் திட்டமிடுங்கள்.

உங்களுக்குச் சாதகமானவை

கிரீன் கார்டு. இந்த ஒன்று இல்லாமல் எனக்கு எழுதுபவர்கள்தான் அதிகம். வெளிநாட்டு மாணவர்களைப் பல மருத்துவக் கல்லூரிகள் பரிசீலிப்பதே இல்லை, சேர்ப்பவையும் மொத்தக் கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் கட்டச் சொல்வதுண்டு. உங்களுடையது நிபந்தனை கிரீன் கார்டானாலும் அது நிரந்தர வசிப்பு உரிமைதான். காலாவதிக்கு முந்தைய 90 நாளுக்குள் கணவரோடு சேர்ந்து, நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவைப் போட மறந்துவிடாதீர்கள். எந்தத் தேர்வு இருந்தாலும் அதை ஒத்திப்போடலாம், இதை முடியாது.

அப்புறம் டெக்சாஸ். அரசு மருத்துவக் கல்லூரிகளில் 100க்கு 90 இடம் மாநில வாசிகளுக்கு. அவர்களுக்கான கட்டணம் வருடத்துக்கு 20,000 டாலர் சொச்சம். பல தனியார் கல்லூரிகளில் இது 60,000ஐத் தாண்டும். மாநில வாசி என்று ஆக, சேர்வதற்கு முன் தொடர்ந்து 12 மாதம் அங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் உங்கள் பெயரும் இருக்கட்டும். எல்லாம் கணவர் பெயரில் இருப்பது நம் வீடுகளில் வழக்கம். இந்த விஷயத்தில் அது காலை வாரிவிடும்.

மூன்றாவதை நீங்களே கடிதத்தில் நாலாம் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். வெறும் வயிற்றில் சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்த பெரியவர் வரிசையில் மயங்கி விழுந்ததும், நீங்கள் சென்ட்ரிஃபியூஜை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்ததும், மறுநாள் அவர் ரிப்போர்ட்டை நீட்டி “இதுல எது நல்ல நம்பர், எது கெட்ட நம்பர், சொல்லும்மா” என்று கேட்டபோது “டாக்டர்கிட்டக் காட்டுங்க ஐயா” என்பதைத் தவிர உங்களால் ஒன்றும் சொல்ல முடியாமல் போனதும். ஏன் டாக்டராக வேண்டும் என்ற கட்டுரையில் ‘சிறு வயதுக் கனவு’ என்று தொடங்காதீர்கள். இந்தப் பெரியவரிலிருந்து தொடங்குங்கள். கோவை லேப் அனுபவம் செல்லும், ஆனால் அது மட்டும் போதாது. இங்கேயும் ஒரு மருத்துவமனையில் தன்னார்வலராகவோ, டாக்டர் சொல்லச் சொல்லக் குறிப்பெடுக்கும் ஸ்கிரைப் வேலையிலோ தொடர்ந்து இருந்ததைக் காட்ட வேண்டும். அறிவியல் பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களும் தேவைப்படும். நம் பிள்ளைகள் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஏ வாங்கிவிட்டு, கடிதம் கேட்கும்போது பேராசிரியருக்கு முகமே தெரியாமல் முழிப்பார்கள். முதல் செமஸ்டரிலிருந்தே அவர்களுடைய சந்திப்பு நேரத்தில் போய் இரண்டு சந்தேகமாவது கேளுங்கள்.

கணவர் கேட்ட கணக்கு

ஒரு ஆகஸ்டில் தொடங்குகிறீர்கள் என்று வையுங்கள். செமஸ்டருக்கு 12 முதல் 15 கிரெடிட், நடுவில் கோடை வகுப்புகள். இரண்டாம் வருட முடிவில் 65, 70 கிரெடிட் கையில் இருக்கும். அந்த வசந்தத்தில் எம்கேட். 472 முதல் 528 வரை மதிப்பெண். இடம் கிடைப்பவர்களின் சராசரி 511ஐத் தாண்டி இருக்கிறது. ஏழரை மணி நேரத் தேர்வு. அதில் உங்களுக்குக் கஷ்டம் தரப்போவது அறிவியல் பகுதிகள் அல்ல, கார்ஸ் என்ற ஆங்கில வாசிப்புப் பகுதிதான். அதற்கு இன்றிலிருந்தே தினம் ஒரு நீண்ட கட்டுரை படித்துப் பழகுங்கள். மதிப்பெண்ணை இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் பல கல்லூரிகள் ஏற்பதில்லை என்பதால் அவசரப்பட்டு முன்கூட்டியே எழுத வேண்டாம்.

மே, ஜூனில் விண்ணப்பம். மூன்றாம் வருடம் முழுக்க மீதிக் கிரெடிட்டும் நேர்முகங்களும். அது முடிந்த ஜூலை, ஆகஸ்டில் சேர்க்கை. எல்லாம் சரியாக நடந்தால் 27, 28 வயதில் சேர்ந்து, 32 வாக்கில் எம்.டி., குறைந்தது மூன்று வருட ரெசிடென்சி முடித்து 35ல் தனியாக மருத்துவம் பார்ப்பீர்கள். ரெசிடென்சியிலேயே சம்பளம் உண்டு. சேருபவர்களின் சராசரி வயதே 24ஐ ஒட்டித்தான் என்பதால் வயதைப் பற்றிய உங்கள் கவலையைப் பாதி குறைத்துக்கொள்ளலாம். குழந்தை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதி அடித்திருக்கிறீர்கள். மருத்துவப் படிப்பின் நடுவில் குழந்தை பெற்றவர்கள் ஏராளம். எப்போது என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்து இப்போதே இருவரும் வாய்விட்டுப் பேசுங்கள், மனதில் வைத்துக்கொண்டு படிக்காதீர்கள்.

பணம். 2026 ஜூலைக்குப் பிறகு புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவர்களுக்கு அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 200,000 என்று வரம்பு வைத்துவிட்டார்கள். டெக்சாஸ் அரசுக் கல்லூரி கிடைத்தால் கட்டணம், வீட்டுச் செலவு இரண்டும் அதற்குள் அடங்க வாய்ப்பு அதிகம். தனியார் கல்லூரியில் பெரும்பாலும் அடங்காது.

ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு 50,000க்கு மேற்பட்டவர்கள் எம்.டி.க்கு விண்ணப்பிக்கிறார்கள், இடம் 23,000 சொச்சம். மூன்று வருடம் படித்த பிறகும் இடம் கிடைக்காமல் போகலாம். ஆகவே முதல் வருட முடிவில் ஒரு முறை நின்று பாருங்கள். ஜிபிஏ 3.5க்குக் கீழே இருந்தால் பிசிஷியன் அசிஸ்டன்ட், மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் போன்ற படிப்புகளுக்கு அதே கிரெடிட்டுகளில் பெரும்பகுதி செல்லும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லேப் பெஞ்சில் இரண்டு வருடம் நின்றவருக்கு அது ஒன்றும் அவமானமில்லை.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். டெக்சாஸில் நீங்கள் நினைக்கும் ஐந்து மருத்துவக் கல்லூரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். போன முறை மாதிரி ‘நான் விண்ணப்பிக்கலாமா’ என்று கேட்காதீர்கள். ‘என்னிடம் வெளிநாட்டு இளநிலைப் பட்டம் இருக்கிறது, நான் நிரந்தர வசிப்பாளர். விண்ணப்பிக்க அமெரிக்காவில் குறைந்தது எத்தனை செமஸ்டர் கிரெடிட் வேண்டும்? அதில் எந்தெந்தப் பாடம் இங்கேயே எடுத்ததாக இருக்க வேண்டும்? கம்யூனிட்டி காலேஜ் பாடங்களை ஏற்பீர்களா?’ என்று மூன்றே கேள்வி. வரும் பதில்களைத் தேதியோடு அச்செடுத்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பல்கலைக்கழக ஆலோசகரை முதல் முறை பார்க்கப் போகும்போது அந்தக் கோப்பு கையில் இருக்கட்டும்.